ஐம்பதாம் அதிகாரத்தைப் பாடியவர்கள்

நம் காலட்சேப மரபுகள் மன்னிப்பை எப்படிப் பாடியிருக்கின்றன என்று நம் சங்கத்தின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் எனச் செயலர் கேட்டபோது தயங்கினேன். இதை எழுதத் தகுதியுள்ள மூத்தவர்கள் இருவர் நம்மோடு இருக்கிறார்கள். இருவருமே "நீயே எழுது" என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு மறுப்பது மரியாதை ஆகாது. பரம்பரைகளின் வரலாறு நம் அங்கத்தினருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யார் யாரிடம் பாடம் கேட்டார்கள் என்பதை முந்தைய மலர்களில் பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மன்னிக்கிற காட்சியைப் பாடுகிறவர் கதையை எந்த இடத்தில் முடிக்கிறார்?

தஞ்சை வழியை முதலில் வணங்க வேண்டும். வேதநாயக சாஸ்திரியாரைச் சிறுவயதில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துப்போனது எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து. அந்தக் காவிரி ஊற்றில் தாமிரபரணித் தண்ணீரும் கொஞ்சம் உண்டு என்று நாங்கள் உரிமையோடு சொல்லிக்கொள்வோம். அவர்களுடைய பலம் கீர்த்தனை. பல்லவி திரும்பத் திரும்ப வந்து நெஞ்சைத் தட்டும்போது, மன்னிப்புக் கேட்கிறவனின் குரல் அங்கே உருகுவதுபோல வேறெங்கும் நான் கேட்டதில்லை. ஆனால் மன்னிப்பைக் கொடுக்கிறவனின் குரல் அந்த வழியில் குறைவு என்பது என் எண்ணம். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1833-இல் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சைச் சபை பிளந்ததையும், நம் சாஸ்திரியார் அந்த வழக்கில் சாதி வழக்கத்தின் பக்கம் நின்றதையும் நாம் அறிவோம். விழா மலரில் இதை எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். மன்னிப்பைப் பற்றி எழுதும்போது நம் குற்றத்தை மறைத்துவிட்டு எழுதினால் அது எதற்கு?

திருநெல்வேலி வழிக்கு எச்.ஏ.கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் மூலதனம். 1894-இல் வெளிவந்த அந்த நூலை ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்தின் தழுவல் என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பனியனிடத்தில் சிலுவை, பயணியின் சுமை கழன்று விழும் ஓர் இடம். பிள்ளையவர்களோ ஆண்டவருடைய பாடுகளையே விரித்துப் பாடுகிறார். தம்மை வதைப்பவர்களுக்காக ஆண்டவர் பிதாவிடம் பரிந்து பேசும் அந்தப் பாட்டு பள்ளிப் பாடநூல்வரை போய், சபைக்கு வெளியில் உள்ள பிள்ளைகளும் மனப்பாடம் செய்யும் பாட்டாகிவிட்டது. வைணவக் குடியில் பிறந்து, கம்பனில் ஊறி, முப்பது வயதுக்கு மேல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். அவருக்குத்தான் அந்தச் சொற்கள் வாய்த்தன. கொடுக்கிறவனின் குரல் தமிழில் அங்கே முழுதாக எழுந்தது.

கடற்கரை ஊர்க் கத்தோலிக்கச் சகோதரர்களின் பாஸ்கு என்னும் பாடுகளின் நாடகத்தையும், மன்னார், யாழ்ப்பாணப் பக்கங்களில் தபசு காலத்தில் பாடப்படும் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கத்தையும் நான் கேட்டிருக்கிறேனே தவிர, பாடம் கேட்டவன் அல்ல. அதனால் அதிகம் பேச மாட்டேன். அவர்களிடமிருந்து, எனக்குப் பாடம் சொன்ன எங்கள் ஐயா எடுத்துக்கொண்ட ஒரு சொல்லை மட்டும் குறிப்பிட வேண்டும்.

எங்கள் ஐயாவின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. எந்த மலரிலும் தம் பெயரோ படமோ வரக் கூடாது என்பது அவர் இருந்தபோதே இட்ட கட்டளை. தேரிக்காட்டு ஊர். வில்லுப்பாட்டில் குடம் அடிக்கும் பையனாகத் தொடங்கி, உபதேசியாராகிப் பிறகு காலட்சேபத்துக்கு வந்தவர். கையில் சிப்ளாக்கட்டை, பக்கத்தில் ஒரு மிருதங்கம், ஓர் ஆர்மோனியம், பின்பாட்டுக்கு நாங்கள் இருவர். அசனப் பண்டிகையில் அவர் எழுந்து நின்றால் பந்தியிலிருந்து கை கழுவாமல் எழுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் நாம் கடன் என்கிறோம், மன்னிப்பு என்கிறோம். கத்தோலிக்கர்கள் பொறுத்தல் என்கிறார்கள்; ஐயா அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல் அதுதான். ஐயாவுக்கு இரண்டு சொல்லும் வேண்டும். கடன் என்றால் ஒருநாளில் தீர்ந்துவிடும், ஏட்டில் ஒரு கோடு கிழித்தால் போதும். பொறுத்தல் என்றால் சுமப்பது. வள்ளுவர் பொறையுடைமையை நிலத்திலிருந்து தொடங்கினாரே, தன்னைத் தோண்டுகிறவனையும் நிலம் இன்றைக்கும் தாங்குகிறது, நாளைக்கும் தாங்கும் என்பார். இரக்கமில்லாத ஊழியக்காரன் கதையைப் பனையேறிகள் நடுவில் சொல்லும்போது கணக்கிலிருந்துதான் தொடங்குவார். ஒரு வெள்ளிப்பணம் ஒருநாள் கூலி. உடன்வேலைக்காரன் அவனுக்குத் தரவேண்டிய நூறு வெள்ளிப்பணம் நூறுநாள் கூலி. ஒரு தாலந்து ஆறாயிரம் நாள் கூலி. ராஜா அவனுக்கு மன்னித்த பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி. "ஆறு கோடி நாள் பனையேறணும்லே, எத்தன சென்மம் வேணும்?" என்று கேட்டுவிட்டுக் கட்டையை நிறுத்துவார். கூட்டம் மனத்துக்குள் கணக்குப் போடும். அந்த இடைவெளியில் மிருதங்கக்காரர் கை வைக்கக் கூடாது. வைத்தால் அன்றிரவு திட்டு நிச்சயம்.

ஆனால் ஐயாவின் உயிர் யோசேப்பின் சரித்திரத்தில் இருந்தது. எல்லாரும் யோசேப்பு பாடினார்கள். கனவு, பலவர்ண அங்கி, குழி, இருபது வெள்ளிக்காசு, சிறை, பஞ்சம், சாக்கில் பாத்திரம், யூதாவின் மன்றாட்டு என்று ஏறிக்கொண்டே போய், ஆதியாகமம் நாற்பத்தைந்தாம் அதிகாரத்தில் யோசேப்பு தன்னை வெளிப்படுத்தி அண்ணன்மாரைக் கட்டிக்கொண்டு அழும் இடத்தில் முகாரியில் ஒரு விருத்தம், உடனே மத்தியமாவதியில் மங்களம். தஞ்சைக்காரர்களும் எங்கள் பக்கத்தாரும் நான் கேட்டவரையில் பெரும்பாலும் அங்கேதான் முடித்தார்கள். ஐயா முடிக்க மாட்டார். முகாரி முடிந்து கூட்டம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப்போகும் நேரத்தில் "இருங்கய்யா, இன்னும் பதினேழு வருசம் கெடக்கு" என்பார்.

யோசேப்பு விற்கப்பட்டபோது வயது பதினேழு. யாக்கோபு எகிப்தில் மகனோடு வாழ்ந்ததும் பதினேழு வருடம். அந்தப் பதினேழு வருடமும் அண்ணன்மார் கோசேனில் தம்பியின் சோற்றைத் தின்றார்கள், தம்பி கொடுத்த நிலத்தில் ஆடு மேய்த்தார்கள். ஆனால் மன்னிப்பை நம்பவில்லை. அப்பா கண்ணை மூடியதும், இனிப் பழிவாங்குவான் என்று பயந்து ஆள் அனுப்புகிறார்கள். உன்னை விற்றதை மன்னிக்கும்படி அப்பா சாகுமுன் சொன்னார் என்கிறார்கள். யாக்கோபு அப்படிச் சொன்னதாக வேதத்தில் வேறு எங்கும் இல்லை என்பதை ஐயா நிதானமாக எடுத்துக்காட்டுவார். பயத்தில் அவர்கள் கட்டிய பொய்யாக இருக்கலாம். யோசேப்பு அதை விசாரிக்கவில்லை. சாட்சி கேட்கவில்லை. அழுகிறான். பிறகு அவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் பராமரிப்பதாகச் சொல்லி, மனத்துக்கு ஆறுதலாகப் பேசுகிறான். ஐம்பதாம் அதிகாரத்து அந்த அழுகைக்கு ஐயா முகாரி பாட மாட்டார், சகானாதான் பாடுவார். முகாரி தன் துக்கத்துக்கு, சகானா அடுத்தவன் பயத்தைப் பார்த்து வரும் துக்கத்துக்கு என்பது அவர் வைத்த கணக்கு. சங்கீத சாஸ்திரம் அறிந்தவர்கள் ஒப்புவார்களா என்று தெரியாது. கேட்டவர்கள் ஒப்பினார்கள்.

அந்தச் சகானாவின் அருமை எனக்குப் பாடத்தில் புரியவில்லை. ஐயாவின் பாடல்களைச் சொந்தப் பாடல்களென்று அச்சிட்டு விற்ற ஒருவர் இருந்தார். அவர் வந்து மன்னிப்புக் கேட்டபோது ஐயா கொடுத்துவிட்டார். நாங்கள் கூட இருந்தோம். பல வருடங்களுக்குப் பிறகு சேகரத்துப் பள்ளியில் ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் ஐயா இருந்தார். விண்ணப்பித்தவர்களில் அந்த மனிதரின் மகனும் ஒருவன். முந்தின நாள் இருட்டியபிறகு அப்பனும் மகனும் ஒரு சிப்பம் கருப்புக்கட்டியோடு வந்து ஐயா காலில் விழுந்தார்கள். ஐயா திண்ணையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். "அன்னைக்கே குடுத்துட்டனேய்யா, இத்தன நாளும் கையில வாங்காமலா வச்சிருந்தீரு" என்றார். கருப்புக்கட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பையனுக்கு வேலை தகுதியினால் கிடைத்தது. சகானாவை நான் அந்தத் திண்ணையில்தான் படித்தேன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய கலைஞர்களில் யாரையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. பலர் என்னைவிட நல்ல சாரீரம் உள்ளவர்கள், ஜெபத்தில் நிலைத்தவர்கள். ஆனால் கடந்த பல வருடங்களில் நான் போன எந்த மேடையிலும் ஐம்பதாம் அதிகாரம் பாடிக் கேட்கவில்லை. கன்வென்ஷனில் நாற்பது நிமிடம் கொடுக்கிறார்கள், என்ன செய்வது என்கிறார்கள். நாற்பது நிமிடத்தில் கனவுக்குப் பத்து நிமிடம் செலவழிக்க முடிகிறதே. கட்டிப்பிடிக்கும் இடம் வந்ததும் கீபோர்டில் கைவைத்து ஒரு நீண்ட ஓசையை விடுகிறார்கள், விளக்கைக் குறைக்கிறார்கள், கூட்டம் அழுகிறது, மங்களம். கெட்டகுமாரன் கதையிலும் இப்படித்தான். விருந்தும் ஆடல்பாடலும் வரும், முற்றத்தில் நின்று உள்ளே வர மறுக்கும் மூத்தமகன் வருவதில்லை. அவன் வராவிட்டால் அந்தக் கதை யாருக்குச் சொல்லப்பட்டது?

நிஜ மனிதர்களைச் சொல்லும்போதும் அதே இடத்தில் வெட்டுகிறார்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனெரி கிரகாம் ஸ்டெயின்ஸும் பிலிப், திமோத்தி என்னும் இரு மகன்களும் வண்டிக்குள்ளேயே எரித்துக் கொல்லப்பட்டதையும், அவர் மனைவி கிளாடிஸ் அம்மையார் கொன்றவர்களை மன்னித்ததையும் எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு கைதட்டலுக்கு விட்டுவிடுகிறார்கள். அம்மையார் மகளோடு பாரிபதாவிலேயே இருந்து, கணவர் பார்த்த குஷ்டரோகிகளின் இல்லத்தைத் தாமே நடத்தி, 2004 வரை அந்த மண்ணைவிட்டுப் போகவில்லை என்பதைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. அந்த ஐந்து வருடம்தான் அவருடைய ஐம்பதாம் அதிகாரம். வழக்கு அதன்போக்கில் நடந்தது, தண்டனை வந்தது. மன்னிப்பு அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. இதையும் இளையவர்களுக்கு விளக்கிச் சொல்லும் காலட்சேபம் வேண்டாமா?

நான் மிகைப்படுத்துகிறேன் என்று சிலர் நினைக்கலாம். மிகையில்லை. நாற்பத்தைந்தாம் அதிகாரத்தோடு வீட்டுக்குப் போன தலைமுறை இது. ஒருமுறை கட்டிப்பிடித்துவிட்டால் மன்னித்தாயிற்று என்று நம்பி வளர்ந்தது. அதனால்தான் லெந்து நாட்களில் ஒப்புரவாகி ஒருவருக்கொருவர் கை கொடுத்தவர்கள் ஆடிமாதம் வேலித் தகராறில் அரிவாளைத் தேடுகிறார்கள். அதனால்தான் பெரிய வெள்ளிக்கிழமை மூன்றுமணி ஆராதனையில் பிதாவே இவர்களுக்கு மன்னியும் என்ற முதலாம் வார்த்தைக்குக் கண்ணீர்விட்ட சபையார், சபைத் தேர்தல் முடிந்ததும் நீதிமன்றப் படியேறுகிறார்கள். அண்ணன் தம்பி கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பதற்கும், ஒரே கல்லறைத்தோட்டத்தில் இரண்டு வாசல் வைப்பதற்கும், பிள்ளைகள் "சாரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதற்கும் நான் இதையே காரணமாகச் சொல்வேன். மங்களத்தை முன்னால் பாடிவிட்டோம். தமிழ்ச் சபைகளில் இன்றுள்ள பிரிவினைகளில் பாதி அந்த மங்களத்திலிருந்து வந்தவை என்று யாரிடம் வேண்டுமானாலும் வாதாடுவேன். என் சக அங்கத்தினர் சிலருக்கு இது வருத்தம் தரும். வருத்தப்பட்டாலும் இதைத் திருத்தி எழுத எனக்கு மனமில்லை.

நம் சங்கம் போட்டிகளுக்கு மதிப்பெண் வைத்திருக்கிறது. சுருதிக்கு, தாளத்துக்கு, வேத ஆதாரத்துக்கு, உச்சரிப்புக்கு. கதையை முடிக்கும் இடத்துக்கும் மதிப்பெண் வேண்டும் என்று பொதுக்குழுவில் இரண்டுமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெரியவர்கள் பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னால் செய்வார்கள்.

ஐயா எழுதிய ஐம்பதாம் அதிகாரத்துப் பாடல்கள் ஏழு. அவர் கையால் எழுதிய நோட்டு என்னிடம் இருந்தது. கரையான் அரித்த இரண்டு பக்கங்களை நினைவிலிருந்து நிரப்பியிருக்கிறேன். மூன்று பாடல்களுக்கு மெட்டு எனக்குத் தெரியும். மற்ற நான்கும் என்னோடு பின்பாட்டுப் பாடியவர் வாயில் இருக்கின்றன. ஐயா அடக்கத்துக்குப் பிறகு, இந்த நோட்டு யாருக்கு என்பதில் ஏற்பட்ட பேச்சினால் நாங்கள் ஒரே மேடையில் ஏறி ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு கிறிஸ்துமஸ் அன்று கோவில் வாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அதோடு சரி. மலருக்கு இந்தக் கட்டுரையை அனுப்பும் இன்றே, நோட்டைப் படியெடுத்து அவருக்குத் தபாலில் போட்டிருக்கிறேன். படியை எனக்கு வைத்துக்கொண்டு ஐயாவின் கையெழுத்துள்ளதை அவருக்கு அனுப்பினேன். அவர் மெட்டைச் சொல்லிக்கொடுத்தால், அடுத்த அசனத்துக்குள் இளையவர்கள் யாராவது நாலு பேர் வந்து ஏழையும் பாடம் கேட்டுக்கொள்ளலாம். சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன்.