‘மாசடைந்தது’ என்று முடியும் கட்டுரைகள்

திருப்பூர் வட்டாரத்து மாணவர்கள் சுற்றுச்சூழல் பற்றித் தமிழில் எழுதும் கட்டுரைகளைக் கொஞ்ச காலமாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். கருத்தரங்கக் கோவைகளில் வந்தவை, முதுகலைத் திட்டக் கட்டுரைகள், ஆய்வேட்டின் ஓர் இயலாக எழுதப்பட்டவை என்று பலவகை. அவற்றில் நிறைய நொய்யலைப் பற்றியவை. உழைப்பு இல்லாத கட்டுரைகள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றின் வினைச்சொற்களில் ஒரு கோளாறு இருக்கிறது. அது வெறும் நடைக் கோளாறு அல்ல, ஆய்வுக் கோளாறு என்பதே இந்தக் குறிப்பின் வாதம்.

வழக்கமான கட்டுரை எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். வான்சிறப்பு அதிகாரத்துக் குறள் ஒன்றோடு தொடங்கும். அடுத்து ஐந்திணை, முதற்பொருள், கருப்பொருள். பழந்தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார்கள் என்று ஒரு பத்தி. பிறகு ஒரே தாவலில் இன்றைக்கு வந்துவிடும்: “நொய்யல் ஆறு மாசடைந்துள்ளது. விவசாயம் பாதிக்கப்பட்டுள்ளது. மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்.” இந்த மூன்று வாக்கியங்களும் மாதிரிக்கு நானே எழுதியவை, எந்த மாணவரையும் சுட்டவில்லை. ஆனால் இப்படி முடியாத கட்டுரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ‘நொய்யல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘பாலாறு’ என்று போடுங்கள். அடுத்து ‘கூவம்’ என்று போடுங்கள். வேறு ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை என்றால், அந்தக் கட்டுரை நொய்யலைப் பற்றியது இல்லை.

இதற்கு நிறுவனக் காரணமும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஆய்விதழில் ஒரு கட்டுரை வர வேண்டும், இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும். கோவைக்கு மூன்று நாளில் ஆறு பக்கம் தேவைப்பட்டால் எல்லா ஆற்றுக்கும் பொருந்தும் கட்டுரைதான் வரும். 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. எழுதும் பழக்கம் போகவில்லை. ஆகவே பழியை விதியின் மேல் மட்டும் போட்டுவிட்டு நகர முடியாது.

நன்னூலை எடுத்துக்கொள்வோம். தமிழ் மாணவர்கள் தகுதித் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிற நூல். சீனாபுரம்தான் பவணந்தியின் ஊர் என்று கொங்குநாட்டில் சொல்வதும் உண்டு. ஒரு வினை ஆறு விஷயங்களைக் காட்டும் என்கிறது நன்னூல்: செய்தவர், அவர் பயன்படுத்திய கருவி, நடந்த இடம், செயல், காலம், செயலுக்கு ஆளான பொருள். தேர்வில் இந்த ஆறையும் வரிசை பிசகாமல் எழுதுகிற மாணவர், தன் கட்டுரையில் ‘மாசடைந்தது’ என்று எழுதும்போது எத்தனையைக் காட்டுகிறார்? ஆறு என்ற பொருளைக் காட்டுகிறார். காலத்தைப் பொதுவாக ‘இன்று’ என்கிறார். செய்தவர், கருவி, இடம் மூன்றும் காணோம். ‘மாசடை’ என்பது தன்வினை. காய் பழுத்தது, இலை உதிர்ந்தது என்பதுபோல ஆறு தானாகவே மாசடைந்துவிட்டது என்று வாக்கியம் சொல்கிறது. ‘பாதிக்கப்பட்டது’ செயப்பாட்டுவினை. அதில் ‘இன்னாரால்’ என்று சேர்க்க இடம் இருக்கிறது, ஆனாலும் சேர்ப்பதில்லை.

சரி, அந்த ஆறு கேள்விகளையும் நொய்யலிடம் கேட்டால் என்ன கிடைக்கும்?

முதலில் கருவி. நம் கட்டுரைகளில் ‘வேதியியல் நச்சுப் பொருட்கள்’ என்று ஒரு தொடர் வரும். எந்தப் பொருள்? பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, சாயம் தண்ணீரை விட்டு நூலில் போய்ப் பிடிக்க உப்பு போட வேண்டும். நிறத்தின் அடர்த்தியைப் பொறுத்து லிட்டருக்கு ஏறக்குறைய 30 முதல் 80 கிராம் வரை. சாதாரண உப்பு, இல்லையென்றால் சோடியம் சல்பேட். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு துணியில் தங்காது, போட்டது அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வரும். சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டு நிறத்தைப் பெருமளவு வீழ்த்தலாம். கரைந்த உப்பை அது குறைக்காது. அதற்கு ஆர்.ஓ. வேண்டும், அதில் மிஞ்சுவதைக் காய்ச்ச எவாப்பரேட்டர் வேண்டும். கழிவுநீரை ஆற்றில் விட, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. லிட்டருக்கு 80 கிராம் என்றால் 80,000 மில்லிகிராம். அலசல் தண்ணீர் எவ்வளவு கலந்தாலும் அந்த வரம்புக்குள் வருவது எவ்வளவு கஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இங்கேதான் மொழி விஷயம் வருகிறது. கட்டுரை எழுதுபவர் கண்ணுக்குப் படுவது நிறம். ஆறு சிவப்பாக ஓடியது, நீலமாக ஓடியது என்று எழுதுவார். ஆற்றுக்குக் கீழே காடு வைத்திருக்கிற விவசாயியிடம் கேட்டால் “உப்புத் தண்ணிங்க” என்பார். கிணறு உப்பாகிப் போச்சு, மண்ணு மேல வெள்ளையாப் பூக்குது, தென்னை ஏறல என்பார். வேதியியல்படி அவர் சொல்தான் துல்லியமானது. ‘நச்சுப் பொருட்கள்’ என்ற புத்தகச் சொல் பெரிதாகத் தெரிகிறது, எதையும் அளக்க உதவாது. ‘உப்பு’ என்று எழுதினால் அடுத்த கேள்வி தானாக வரும்: எவ்வளவு, எங்கிருந்து, யார் போட்டது? வட்டாரச் சொல்லை அடிக்குறிப்பில் ‘பேச்சு வழக்கு’ என்று ஒதுக்காமல் ஆய்வுச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து இடமும் காலமும். வெள்ளியங்கிரியில் தொடங்கி கோவை, திருப்பூர் தாண்டி கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது நொய்யல். திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் அணை வந்தது 1992-ல். பாசனத்துக்காகக் கட்டிய அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. அதில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அணை கட்டுங்கள் என்று கேட்டுத்தான் நம்மூரில் பழக்கம். இந்த ஒரு செய்தி போதும், ஒரு கட்டுரை நிற்பதற்கு. ஊர் பெயரும் ஆண்டும் இல்லாமல் ‘நீர்நிலைகள் பாதிக்கப்பட்டன’ என்று எழுதினால் இது கண்ணுக்கே படாது.

செய்தவர் யார் என்ற கேள்வியை நம் கட்டுரைகள் தவிர்க்கலாம், நீதிமன்றம் தவிர்க்க முடியாது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2004-ல் இழப்பீட்டு ஆணையம் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு நிர்ணயித்தது. உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் சங்கம் மேல்முறையீடு செய்தது. 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டின்படி அவர்களையே பொறுப்பாக்கியது. பட்டறைகள் கழிவை ஆற்றில் விடுவது நிற்காததால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. பணம் கட்டச் சொல்வதென்றால் யார் கட்ட வேண்டும் என்று எழுதியாக வேண்டும். தன்வினையில் தீர்ப்பு எழுத முடியாது.

ஆனால் ‘சாயப்பட்டறைகள் மாசுபடுத்தின’ என்று வினையை மாற்றிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. பட்டறைகளில் பல ஜாப் ஒர்க்கில் ஓடுபவை. துணி எக்ஸ்போர்ட் கம்பெனியுடையது, பட்டறைக்குக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. விலையை இறுக்கிப் பிடிப்பவர் வெளிநாட்டு பையர். சுத்திகரிப்புச் செலவு அந்தக் கிலோ ரேட்டில் இருந்ததா என்பது ஆய்வுக் கேள்வி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதி கொடுத்தது எப்போது, எந்த நிபந்தனையில் என்பது இன்னொன்று. ‘யார்’ என்று ஒருமுறை கேட்டால் ஒரு சங்கிலியே கையில் வரும்.

அந்தச் சங்கிலியில் மாணவரின் வீடும் இருக்கிறது. இதைத்தான் நாம் பேசுவதில்லை. ஒரு மாணவர் என்னிடம் நேராகவே கேட்டார்: “எங்கப்பா டையிங்லதானுங்க சார் இருக்காரு. நான் என்னன்னு எழுதறது?” நியாயமான கேள்வி. 2011-ல் பட்டறைகள் மூடியபோது வேலை இழந்தவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். ‘மாசடைந்தது’ என்ற வினை அவருக்குச் சோம்பேறித்தனம் இல்லை, ஒரு மறைவிடம். யாரையும் குற்றம் சொல்லாமல், வீட்டிலும் சங்கடம் இல்லாமல் தப்பிக்கலாம். ஆனால் அந்த மறைவிடத்தில் அப்பாவும் மறைந்துபோகிறார். சம்பளத்துக்குப் போனவரும் கழிவைத் திறந்துவிட முடிவெடுத்தவரும் அங்கே ஒன்றாகிவிடுகிறார்கள். செய்தவரைச் சரியாகப் பிரித்து எழுதினால்தான், முடிவு அப்பாவுடையது இல்லை என்றும் எழுத முடியும். விஞ்ச் ஓட்டுபவரின் கையில் என்ன படுகிறது, எத்தனை ஷிப்ட், மூடிய மாதங்களில் குடும்பம் என்ன செய்தது என்பதையெல்லாம் எழுத இவரைவிடத் தகுதியானவர் யார்?

இப்படி எழுத முடியுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு நூல்களைச் சொல்வேன். ஒன்று சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ நாவல். மாணவர்கள் இதை மேற்கோள் பிடுங்கும் மூலமாகவே பயன்படுத்துகிறார்கள், ஊரை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொள்ள வாசிப்பதில்லை. இன்னொன்று சரத் சாரி ஆங்கிலத்தில் எழுதி 2004-ல் வந்த ‘பிரேட்டர்னல் கேப்பிட்டல்’. திருப்பூர் முதலாளிகள் தங்கள் வளர்ச்சியைச் சொல்லும்போது திரும்பத் திரும்ப வந்த ‘உழைப்பு’ என்ற ஒரே தமிழ்ச் சொல்லை அவர் கவனித்தார். அந்தச் சொல் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று ஆராய்ந்தார். வெளியிலிருந்து வந்தவர் நம் ஊர்ச் சொல் ஒன்றைப் பிடித்து ஒரு வாதத்தைக் கட்டுகிறார். அந்தச் சொல்லோடு பிறந்த நாம் ‘விழிப்புணர்வு’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆய்வு நடை என்றால் ஆள் தெரியாமல் எழுதுவதுதானே, அதுதானே நடுநிலை என்று சிலர் சொல்லலாம். ஆய்வாளர் தன்னை முன்னிறுத்தாமல் இருப்பது வேறு, நிகழ்வைச் செய்தவரை இல்லாமலாக்குவது வேறு. ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்ற சொல்லையே பாருங்கள். சுத்திகரித்த தண்ணீர் திரும்பப் பட்டறைக்குப் போகிறது, சரி. சேறும் கலப்பு உப்பும் மிஞ்சுகின்றன, அவற்றை எங்காவது வைத்தாக வேண்டும். ‘பூஜ்யம்’ என்று மொழிபெயர்த்து நிறுத்திக்கொள்ளாமல், மிச்சம் எங்கே இருக்கிறது என்று கேட்பதுதான் நடுநிலை.

எழுதுகிற மாணவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். முதல் பிரதி முடிந்ததும் ஒவ்வொரு பத்தியிலும் முற்றுவினைகளுக்கு அடியில் கோடு போடுங்கள். ‘அடைந்தது’, ‘பட்டது’, ‘படுகிறது’, ‘வேண்டும்’ என்று முடிபவற்றின் பக்கத்தில் நன்னூலின் ஆறையும் எழுதி, இல்லாததற்குக் கேள்விக்குறி போடுங்கள். அந்தக் கேள்விக்குறிகள்தான் உங்கள் களப்பணிப் பட்டியல். சிலவற்றுக்கு விடை தீர்ப்பில் இருக்கும், சிலவற்றுக்கு ஒரத்துப்பாளையத்துக்குப் பஸ் ஏற வேண்டும், சிலவற்றை ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடமே கேட்கலாம். விடை கிடைக்காததை வாக்கியத்தில் மூடி மறைக்காமல், தெரியவில்லை என்றே எழுதுங்கள். கட்டுரை ஆறு பக்கத்திலிருந்து நான்காகச் சுருங்கலாம். பரவாயில்லை, அந்த நான்கையும் பாலாற்றுக்கு மாற்ற முடியாது.