கூந்தலே ஆடை, கூந்தலே ஆயுதம்

'பேயோனெட்டா' வீடியோ கேமின் தொடக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டம் வருகிறது. கன்னியாஸ்திரி உடையில் ஒரு பெண் ஜெபித்துக்கொண்டிருக்கிறாள். வானிலிருந்து இறங்கும் தேவதூதர்கள் அவளைத் தாக்க, அங்கி கிழிந்து பறக்கிறது. கேமரா அவள் முகத்தைவிட இடுப்பையும் தொடையையும்தான் அதிகம் தேடுகிறது. பிறகு அவளுடைய கூந்தலே உடலைச் சுற்றிக்கொண்டு ஆடையாகிறது.

ஜப்பானின் பிளாட்டினம்கேம்ஸ் உருவாக்கி, சேகா 2009இல் வெளியிட்ட விளையாட்டு இது. எதிரிகளைக் கூட்டங்கூட்டமாக வெட்டி வீழ்த்தும் 'ஹேக் அண்ட் ஸ்லாஷ்' வகையைச் சேர்ந்தது. இந்த வகையின் புகழ்பெற்ற நாயகர்கள் ஆண்கள்: 'டெவில் மே கிரை'யின் டான்டே, 'காட் ஆஃப் வார்' விளையாட்டின் க்ரேட்டோஸ். டான்டேயை உருவாக்கிய இயக்குநர் ஹிடேகி காமியாதான் இந்தச் சூனியக்காரியையும் உருவாக்கினார்.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். அது பொத்தான்களை அழுத்தும் விரல்களில் இருக்கிறது. எதிரியின் அடி நம்மேல் விழப்போகும் கடைசி நொடியில் விலகினால், உலகமே மெதுவாகிவிடும். நாம் மட்டும் வழக்கமான வேகத்தில் அடிக்கலாம். இதற்கு 'விட்ச் டைம்' என்று பெயர். பயந்து முன்கூட்டியே ஓடுபவருக்கு இந்தப் பரிசு கிடையாது. அடி நெருங்கும்வரை நின்று பார்க்கும் நிதானம் வேண்டும். இன்னொரு நுட்பம்: அடிக்கும் பொத்தானை விடாமல் பிடித்தபடி விலகினால், பாதியில் நின்ற தாக்குதலை விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். தன்னைக் காத்துக்கொள்வதும் திருப்பி அடிப்பதும் இங்கே ஒரே அசைவாகிவிடுகின்றன. பழகாதவர்களுக்காகத் தாக்குதல்களைத் தானே தொடுத்துத் தரும் எளிய நிலையும் உண்டு. 'இதெல்லாம் உனக்கு வராது' என்று யாரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பாத விளையாட்டு.

கதையிலும் பலம் உண்டு. ஐரோப்பாவில் 15 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை சூனியக்காரிகள் என்று குற்றம்சாட்டிக் கொல்லப்பட்டவர்கள் சுமார் 40,000 முதல் 60,000 பேர் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பேயோனெட்டாவின் குலமும் அப்படியொரு வேட்டையில்தான் அழிந்தது. உயிர் பிழைத்தவள் இப்போது தேவதூதர்களை வேட்டையாடுகிறாள். கடைசியில் அவளே சிக்கிக்கொள்ளும்போது காப்பாற்ற வருவது இளவரசன் அல்ல. அவளுடைய பழைய தோழியும் போட்டியாளருமான ழான்.

இனி சிக்கலுக்கு வருவோம். அவளுடைய மிகப்பெரிய ஆயுதமும் அந்தக் கூந்தல்தான். அது ராட்சதக் கைமுட்டியாக, பாதமாக, டிராகனாக மாறி எதிரியை நொறுக்கும். ஆனால் ஆயுதமாகப் போன கூந்தல் ஆடையாக இருக்க முடியாதே! அடி பெரிதாகப் பெரிதாக உடல் வெளியே தெரிகிறது. இறுதி அடியில் ஏறக்குறைய நிர்வாணம். விரித்த கூந்தலைப் பெண்ணின் சினமாகப் படித்து வளர்ந்த நமக்கு இது உறுத்தும். டான்டே தன் பலத்தைக் காட்டும்போது கோட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

'அவள் வெட்கப்படவில்லை, ரசித்துத்தானே செய்கிறாள்? அவளை வரைந்த மாரி ஷிமாசாகியும் பெண்தானே?' என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் துணிச்சலைக் கண்டு மகிழும் பெண்களின் மகிழ்ச்சி பொய்யல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் விளையாடும்போது கேமரா பெரும்பாலும் தள்ளியே நிற்கிறது; எதிரிகள் நமக்குத் தெரிய வேண்டும் அல்லவா? கட்டுப்பாடு நம் கையைவிட்டுப் போய்க் கதைக்காட்சி ஓடத் தொடங்கியதும்தான் அது அவளுடைய கால்களுக்கு நடுவே நுழைகிறது. அவள் ரசிப்பதாகச் சொல்லப்படும் அந்த நொடிகளில் நம்மால் அவளை ஒரு அடிகூட நகர்த்த முடியாது.

'ஜாய்' என்ற எதிரி பெண் வடிவத் தேவதூதர். அவளை வீழ்த்தும் சித்திரவதைக் காட்சியில் மரக்குதிரைமேல் ஏற்றி முனக வைக்கிறார்கள். சூனியக்காரியின் பழிவாங்கல் இங்கே இன்னொரு பெண்ணுடல்மீது வேடிக்கையாக இறங்குகிறது.

விளையாட்டாகவும் குறைகள் உண்டு. சொன்ன பொத்தானை உடனே அழுத்தாவிட்டால் அங்கேயே சாவு என்ற காட்சிகள், நீண்டுகொண்டே போகும் மோட்டார் சைக்கிள் பயணமும் ஏவுகணைப் பயணமும் பொறுமையைச் சோதிக்கின்றன.

ஆனாலும் நடுவில் செரேசா என்ற சிறுமி வருகிறாள். பேயோனெட்டாவை 'அம்மா' என்று அழைத்துப் பின்தொடர்கிறாள். தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, குலத்தால் ஒதுக்கப்பட்டு வளர்ந்த பேயோனெட்டாவின் சிறுவயது உருவமே அவள். எரிச்சலோடு தொடங்கும் அந்த உறவு மெல்லக் கனிகிறது. தன்னையே குழந்தையாகக் கண்டு, கைப்பிடித்துக் காக்கும் ஒரு பெண்ணை இந்தக் காட்சிகளில் பார்க்கிறோம். இங்கே அவளை அண்ணாந்து பார்ப்பவை ஒரு குழந்தையின் கண்கள். அப்படிப் பார்க்கவும் இதை உருவாக்கியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அந்தக் கல்லறைத் தோட்டக் கேமராவை 'இந்த வகை விளையாட்டு இப்படித்தான்' என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.