கிடைக்காத ஏடு

ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரியை நவீனத் தமிழ் உரைநடையின் முதல் குரல் என்று சொல்வது நம் வட்டத்தில் ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. குரல் சரி. யார் தொண்டையிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டாமா?

1736 செப்டம்பரில் தொடங்கியது அது. 1761 ஜனவரியில், புதுவை ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு பிள்ளை இறந்தார். 1846ல் கலுவா-மொம்ப்ரேன் அதைக் கண்டெடுக்க, பிரதிகள் எடுக்கப்பட்டன. அரியேலின் பிரதி பாரீஸ் தேசிய நூலகம் போய்ச் சேர்ந்தது. சென்னை அரசாங்கத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904லிருந்து 1928 வரை 12 தொகுதிகளாக வந்து முடிந்தது. தமிழ் மூலம் புதுவையில் தொடர்ந்து அச்சேறத் தொடங்கியதோ 1948ல். நாம் 'பிள்ளை' என்று படிப்பது பல கைகள் கடந்து வந்த ஒன்று. நடுவில் மாதக்கணக்கான இடைவெளிகள் வேறு.

நண்பர் ஒருவர் இந்த இடைவெளிகளை துபாஷின் ராஜதந்திர மௌனம் என்று எழுதியிருந்தார். அழகான வாக்கியம். ஏடு தொலைந்ததற்கும் எழுதாமல் விட்டதற்கும் வித்தியாசம் தெரியாதவர்தான் இப்படி எழுத முடியும்.

துருக்கியில் போகாஸ்கோய் என்ற கிராமத்தருகே ஹிட்டைட்களின் தலைநகர் ஹத்துஸா இருந்தது. 1906ல் விங்க்லரும் மக்ரிடியும் அங்கே தோண்டி ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளை எடுத்தார்கள். எது எந்த அறையில் கிடந்தது என்பதைச் சரிவரக் குறித்து வைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் இன்றுவரை அதற்கு விலை கொடுக்கிறார்கள். சுமார் 30,000 துண்டுகள். உடைந்த விளிம்பை விளிம்போடு பொருத்தி, எழுத்தின் சாய்வைப் பார்த்து, எந்தக் கட்டிடத்தில் எந்தப் பலகை இருந்திருக்கும் என்று யூகித்துச் சேர்க்கிறார்கள். இதில் அவர்களுக்குத் துணை அந்தப் பழைய லேககர்களே. பலகையின் கடைசியில் இது எத்தனையாவது, நூல் முடிந்ததா இல்லையா, எழுதியவன் யார் என்று குறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நூலகப் பட்டியல் பலகைகளும் உண்டு. அவற்றில் ஒரு நூலின் இன்ன பலகை கிடைக்கவில்லை என்றும் பதிவாகியிருக்கிறது. மூவாயிரம் வருஷத்துக்கு முந்திய அந்த நூலகருக்கு இருந்த கூச்சம் நம் விமர்சகர்களிடம் இல்லை.

புதுவைக்கு இந்தக் கண்டிப்பு அன்னியமுமல்ல. 1955ல் ஏற்பட்ட பிரெஞ்சு நிறுவனத்தில் என். ஆர். பட் ரௌரவாகமத்தைப் பதிப்பித்தபோது சுவடிக்குச் சுவடி பாடபேதங்களை அடிக்குறிப்பில் கொடுத்தார். சிவன் வாக்குக்குப் பாடபேதம் உண்டு. துபாஷ் வாக்குக்குக் கிடையாது போலும்!

நடை பற்றிய புகழ்ச்சிக்கு வருவோம். அந்தக் காலக் கையெழுத்தில் பொதுவாகப் புள்ளி இல்லை, சொற்களுக்கிடையே இடமும் இல்லை. வந்து, கேட்டு, சொல்லி என்று வினையெச்சத்தின் மேல் வினையெச்சமாக ஓடுகிற ஒரு பேச்சை எங்கே நிறுத்துவது என்பது பதிப்பாசிரியன் தீர்மானம். பிள்ளையின் 'சிக்கனமான வாக்கியம்' என்று நாம் கொண்டாடுவதில் பாதி அச்சுக்கூடத்தின் முற்றுப்புள்ளி. மிச்சப் பாதியைப் பற்றிப் பேச எனக்கும் ஆசைதான். கும்பெனி வியாபாரமும் வதந்தியும் பஞ்சாங்கமும் ஒரே மூச்சில் வரும் அந்த வேகத்தை எந்தப் பிரதிகாரனும் கற்பித்திருக்க முடியாது. ஆனால் பிரதிகளை வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகே அதைப் பேச வேண்டும் என்பது என் கட்சி.

அப்படியொரு பதிப்பு வருமானால், கிடைக்காத மாதங்களுக்கு அந்த அளவில் வெற்றுப் பக்கங்கள் விட வேண்டும் என்றேன். காகித விலை தெரியுமா என்று கேட்டார் அச்சகக்காரர்.