யாளி நிற்கும் இடம்

யாளியின் வகைகளைத் தலையைப் பார்த்தே பெயரிடுவது வழக்கம். சிங்கமுகம் என்றால் சிம்ம யாளி, துதிக்கை இருந்தால் கஜ யாளி, குதிரைமுகம் என்றால் அசுவ யாளி. அடையாளம் காண இது போதும். மரபின் போக்கையும் தரத்தையும் அறியப் போதாது. பல்லவர் முதல் நாயக்கர் வரை யாளியின் முகத்தைவிட அது நிற்கும் இடமே பெரிதும் மாறியிருக்கிறது. அந்த இடத்தில் அது என்ன வேலை செய்கிறது என்பதை வைத்தே அந்தந்தக் காலத்துச் சிற்பியை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

மாமல்லபுரத்தில் பீம ரதத்திலும் மகிஷமர்த்தினி குகையிலும் தூணின் அடியில் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது; முழுத் தூணும் அதன் தலைமேல். இராசசிம்மன் எடுத்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் அதுவே பின்கால்களில் எழுந்து, சுவரின் அரைத்தூண்களோடு ஒட்டி நிற்கிறது. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலில் யாளி சிறுத்துவிடுகிறது. அதிட்டானத்தில் யாளிவரியாக நீண்டு, மூலைகளில் மகரமாகத் திரும்புகிறது. அவ்வளவு பெரிய விமானத்தைக் கட்டியவர்கள் யாளியை ஒரு வரிக்குள் அடக்கியது தற்செயல் அல்ல. அங்கே உயரம் பேச வேண்டும், விலங்கு பேசக் கூடாது. தாராசுரத்தில் அது படிக்கட்டின் கைப்பிடிச் சுவராகித் துதிக்கையைச் சுருட்டிக்கொள்கிறது. விஜயநகர, நாயக்கர் காலத்தில்தான் தூணின் முழு உயரத்துக்கும் பாய்ந்து எழுகிறது. வேலூர் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்திலும், திருமலை நாயக்கர் எடுத்த மதுரைப் புதுமண்டபத்திலும் இதைக் காணலாம். அக்காலத்து யாளிகள் பலவற்றின் திறந்த வாய்க்குள் ஒரு கல் உருண்டை கிடக்கும். விரல் விட்டால் உருளும், வெளியே வராது. அதே கல்லில், பற்களுக்குப் பின்னே, உளியை உள்ளே செலுத்திச் செதுக்கியெடுத்த உருண்டை அது.

யாளி உண்மையில் வாழ்ந்த விலங்கு, சிற்பி கண்டதைச் செதுக்கினான் என்று வாதிடுவோர் உண்டு. சங்கப் பாடல்களில் ஆளி என்ற விலங்கு யானையைக் கொல்வதாக வருவதை அவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். பாடலில் வருவது உண்மைதான். ஆனால் கண்டு வடித்த விலங்கென்றால் அதன் உடல் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு இப்படி மாறாது. ஒரே மண்டபத்தில் ஒன்றுக்குத் துதிக்கையும் இன்னொன்றுக்குக் குதிரைமுகமும் இருக்காது. தாராசுரத்துச் சிற்பி காளையையும் யானையையும் ஒரே தலையில் இணைத்திருக்கிறான். ஒரு பக்க உடலை மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. இரண்டு உடல்கள் கூடும் இடத்தை உறுத்தாமல் செய்யும் கைத்திறனே இந்த மரபின் உயிர். எலும்பைத் தேடப் போனால் அந்தத் திறன் கண்ணில் படாது.

இன்னொரு மறுப்பு வலுவானது: நாயக்கர் கால யாளி பாரம் எதையும் தாங்கவில்லை, பின்னாலிருக்கும் தூண் தண்டுதான் தாங்குகிறது, ஆகவே அது வெறும் அலங்காரம் என்பது. கட்டுமானக் கணக்கில் இது சரி. ஆனால் சிற்பி கணக்கிட்டது பார்ப்பவர் கண்ணை. நல்ல யாளியில் பின்தொடையின் முறுக்கு இடுப்பு, மார்பு, கழுத்து என்று ஏறிப் போதிகையில் போய் முடியும். கூரையை அதுதான் தூக்கிப் பிடித்திருக்கிறது என்று கண் நம்பும். மட்டமான யாளியில் அந்த ஓட்டம் இடுப்பிலேயே அறுந்துவிடும். நகையும் பிடரிமயிரும் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அது தூணில் ஒட்டவைத்த பொம்மைதான்.

இதே அளவுகோல் ஆயுதங்களுக்கும் பொருந்துகிறது. தஞ்சைக் கட்டாரிகளில் புறங்கையை மூடும் காப்புத் தகடு மேலெழுந்து வளைந்து, சிலவற்றில் யாளித் தலையாக முடிகிறது. பல கட்டாரிகளின் அலகு ஐரோப்பிய வாளிலிருந்து வந்தது. உள்ளூர்ப் பிடியோடு அதை ஆணியிட்டு இறுக்கினார்கள். வேற்று இரும்பும் நம் இரும்பும் கூடும் அந்த இணைப்பில்தான் கொல்லனின் திறமை தெரியும். அங்குசத்திலோ கொக்கி யாளி வாயிலிருந்தே பிறக்கிறது. யானையை வெல்லும் விலங்குக்கு, யானையை அடக்கும் கருவியைவிடப் பொருத்தமான இடம் கோயிலிலும் இல்லை. ஆயுதத்தில் விலங்குருவம் தக்காணச் சுல்தான்களின் பட்டறைகளிலிருந்து வந்தது என்பார்கள். 16ஆம் நூற்றாண்டுத் தக்காணக் குத்துவாள்களின் பிடிகளில் விலங்குகள் ஒன்றையொன்று கவ்வுவது உண்மை. கொடுக்கல் வாங்கலும் இருந்திருக்கும். ஆனால் வாயிலிருந்து இன்னொரு உருவம் புறப்படும் அமைப்பு நம் மகர தோரணங்களில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருக்கிறது. கொல்லன் அதைக் கற்க வடக்கே போக வேண்டியதில்லை.

தஞ்சை ஆயுதசாலை 19ஆம் நூற்றாண்டில் கலைக்கப்பட்டு, பெரும்பகுதி பழைய இரும்பாகப் போனது. கல் யாளிகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது. மணலைப் பீச்சிச் சுத்தம் செய்தால் உளியின் கூர் மழுங்கிவிடும்; உடைந்த துதிக்கையைச் சிமெண்டால் ஒட்டினால் அந்த ஓட்டம் கெடும். திருப்பணிக் குழுக்கள் இரண்டையும் அடியோடு நிறுத்த வேண்டும்.