ஜெல்லிஃபின் ஓடும் சின்னப் பெட்டி

ஓடிடி சந்தா எத்தனை கட்டினாலும் அங்கே வராதவை சில உண்டு. வீடியோக்காரர் விஎச்எஸ் கேசட்டில் எடுத்துக் கொடுத்த கல்யாணம், அப்பா டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்த கோயில் கச்சேரி, எந்த ஆப்பில் தேடினாலும் சிக்காத கறுப்பு வெள்ளைப் படங்களின் டிவிடிகள். இவையெல்லாம் நாலைந்து ஹார்ட் டிஸ்க்கிலும் பென் டிரைவிலும் சிதறிக் கிடக்கும் வீட்டுக்குத்தான் மீடியா சர்வர் தேவை. அப்படி எதுவும் சேராத வீட்டுக்கு ஓடிடியே போதும்.

என் வீட்டில் அந்த வேலையைப் பார்ப்பது இன்டெல் என்100 சிப் உள்ள ஒரு மினி பிசி. அதில் ஓடும் மென்பொருள் ஜெல்லிஃபின். டிஸ்க்கில் உள்ள படம், பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் அட்டைப்படத்தோடு அடுக்கி வைக்கும். டிவி, போன், லேப்டாப் என எதில் கேட்டாலும் அனுப்பும். எம்பி என்ற மென்பொருள் தன் மூல நிரலை மூடிக்கொண்டபோது, திறந்திருந்த பதிப்பை எடுத்துக்கொண்டு 2018 டிசம்பரில் தன்னார்வலர்கள் பிரிந்து வந்து வளர்த்தது இது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, யாருடைய கம்பெனியிலும் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை.

இதற்குப் போட்டி ப்ளெக்ஸ். அதன் டிவி ஆப் இன்னும் மெருகானது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் நம் வீட்டு சர்வரில் உள்ள படத்தை வெளியூரிலிருந்து பார்ப்பதை 2025 ஏப்ரல் 29 முதல் அது கட்டணச் சேவை ஆக்கிவிட்டது. ஆயுள் சந்தா சுமார் 120 டாலரிலிருந்து 250 டாலருக்குப் போனது. நம் டிஸ்க், நம் கரண்ட், நம் இன்டர்நெட். அதற்கு மேல் வாடகை எதற்கு?

சர்வர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை டிபி?" என்றுதான். கேட்க வேண்டியது டிரான்ஸ்கோடிங் பற்றி. டிவிக்குப் புரியும் வடிவத்தில் ஃபைல் இருந்தால் சர்வர் அதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். இதை டைரக்ட் ப்ளே என்பார்கள். பத்து வருடப் பழைய கம்ப்யூட்டருக்கும் இது சிரமமில்லை. டிவிக்குப் புரியாவிட்டால் ஓடும்போதே காட்சியை வேறு வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். 4கே படத்தை வெறும் பிராசஸரை மட்டும் நம்பி மாற்றினால் சின்னக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும், படம் நின்று நின்று ஓடும். என்100க்குள் இதற்கென்றே குவிக் சிங்க் என்ற தனிப்பகுதி இருக்கிறது. அதை ஜெல்லிஃபின் அமைப்புகளில் இயக்கிவிட்டால், சிப்புக்கு 6 வாட் என்று குறித்திருக்கும் இந்தப் பெட்டி 4கே படத்தையும் அலட்டாமல் மாற்றுகிறது. எச்டிஆர் படங்களைப் பழைய டிவியில் சாயம் போனது போல் காட்டாமல் நிறம் சரிசெய்வதும் அதே பகுதிதான். ராஸ்பெரி பை 5 எனக்குப் பிடித்த பலகைதான். ஆனாலும் வீடியோவை என்கோட் செய்யும் வன்பொருள் அதில் இல்லாததால் இந்த வேலைக்கு அதைச் சொல்ல மாட்டேன். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் இன்டெல் 7ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடலாம். 10 பிட் எச்இவிசி வடிவில் உள்ள வீடியோவும் அதிலேயே ஓடும்.

ஒரு படம் ஏன் திக்குகிறது என்று தெரிய ஜெல்லிஃபினின் டேஷ்போர்டைத் திறந்தால் போதும், காரணத்தோடு எழுதியிருக்கும். பல நேரம் குற்றவாளி சப்டைட்டில். எஸ்ஆர்டி ஃபைல் வெறும் எழுத்து, அதனால் தொல்லையில்லை. ப்ளூரேயில் வரும் சப்டைட்டில் படமாகவே இருப்பதால், அதைக் காட்டத் தெரியாத டிவிக்கு ஒவ்வொரு காட்சியின் மேலும் ஒட்டி அனுப்ப வேண்டியிருக்கும். அங்கே டிரான்ஸ்கோடிங் தொடங்கிவிடும். தமிழ் சப்டைட்டிலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரக்கூடும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி, மாற்று எழுத்துருவுக்கான அமைப்பில் அதன் இடத்தையும் காட்டிவிட்டால் தீர்ந்தது.

தமிழ்ப் படச் சேகரிப்புக்கு உண்மையான உழைப்பு பெயர் வைப்பதில் இருக்கிறது. ஜெல்லிஃபின் ஃபோல்டர் பெயரைப் படித்துத்தான் டிஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்திலிருந்து விவரத்தை இழுக்கிறது. நம்மிடமோ பில்லா 1980லும் உண்டு, 2007லும் உண்டு. பொல்லாதவனும் அதே இரண்டு வருடங்களில். விக்ரம் 1986, 2022. வருடம் போடாமல் விட்டால் ரஜினி படத்துக்கு அஜித் முகம் வந்து உட்காரும். "பில்லா (1980)" என்று எழுதுங்கள். அப்படியும் குழம்பினால் டிஎம்டிபி எண்ணை ஃபோல்டர் பெயரிலேயே சேர்க்கலாம். பாட்டுகளில் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற ஒரு குறிப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரே படத்தின் பாட்டுகளில் ஒன்றுக்கு இளையராஜா, இன்னொன்றுக்கு எஸ்.ஜானகி என்று அந்த இடத்தில் இருந்தால் ஆல்பம் துண்டு துண்டாகச் சிதறும். அங்கே எல்லாவற்றுக்கும் இசையமைப்பாளர் பெயரை வைத்து, பாடியவர் பெயரை ஆர்ட்டிஸ்ட் இடத்தில் விட்டுவிடுவது என் வழக்கம். அலுப்பான வேலைதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இதை ஆசையோடு செய்கிறேன்.

கல்யாண வீடியோவை மட்டும் சினிமா வரிசையில் போடாதீர்கள். மணமக்கள் பெயரில் ஏதாவது ஒரு படத்தின் போஸ்டரை ஜெல்லிஃபின் தேடிப் பிடித்து ஒட்டிவிடக்கூடும். வீட்டு வீடியோக்களுக்கென்று தனி நூலக வகை இருக்கிறது, அதில் வெளியே தேடும் வேலை இல்லை. கேசட்டிலிருந்து மாற்றிய ஃபைல்களில் ஆட்கள் அசையும்போது சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரியும். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் அதை நீக்கிய நகல் ஒன்றை எடுத்து டிவிக்கு வையுங்கள். மூல ஃபைலை அழிக்க வேண்டாம்.

வெளியூரிலிருந்து பார்க்க ரௌட்டரில் போர்ட் திறக்கச் சொல்வார்கள். நம் ஊரில் பல இணைப்புகள் ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோடும் சிஜிநாட்டில் இருப்பதால் அது பெரும்பாலும் நடக்காது. நடந்தாலும் வீட்டு சர்வரை ஊருக்கெல்லாம் திறந்துவைப்பது ஆபத்து. டெயில்ஸ்கேல் என்ற ஆப்பைச் சர்வரிலும் போனிலும் நிறுவினால் இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது போல் பேசிக்கொள்ளும். சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசத் திட்டமும் உண்டு.

கரண்ட் பில்லைப் பற்றிப் பயம் வேண்டாம். சராசரி 10 வாட் என்று வைத்தால் மாதம் 7.2 யூனிட்.

காப்பு நகல் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இன்னொரு டிவிடி தேடி வாங்கிவிடலாம். பாட்டியின் குரல் உள்ள கேசட்டை எந்தக் கடையில் வாங்குவது? எனவே சினிமா ஃபோல்டரை விட்டுவிட்டு, குடும்ப வீடியோ, ஆடியோ, போட்டோ மூன்றையும் இரண்டு தனி டிஸ்க்குகளில் எடுத்து, ஒன்றை வேறொரு உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். ஜெல்லிஃபினின் டேட்டா, கான்ஃபிக் ஃபோல்டர்களையும் ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் முன்னால் நகலெடுங்கள். 2025இல் வந்த 10.11 பதிப்பு தகவல் தளத்தின் அமைப்பையே மாற்றியது. நகல் இல்லாமல் அதிலிருந்து பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை.