உலக்கைப் பாட்டும் சிம்பொனியும்: இளையராஜாவின் ‘திருவாசகம்’ பற்றிய சில குறிப்புகள்

வெகுசன இசையிற் புகழ்பெற்ற ஒருவர், முந்திய தலைமுறையினரின் ‘செவ்விய’ பாடல்களைப் பெரிய வாத்தியக் குழுவின் துணையுடன் மீளப் பாடிப் பதிவுசெய்வது, இசைத்தொழிலில் இன்று நிலைபெற்றுவிட்ட ஒரு வழக்காகும். அமெரிக்க றொக் பாடகி லிண்டா றொன்ஸ்ராட், பழைய ஜாஸ் பாடல்களை நெல்சன் றிடிலின் வாத்தியக் குழுவுடன் பாடி, 1983 இல் ‘வட்ஸ் நியூ’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். இருவரும் இணைந்த மேலும் இரு இசைத்தட்டுகள் 1984, 1986 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. றொட் ஸ்ருவர்ட் 2002 முதல் அதே வழியிற் சென்றார். இப்பாடல்களுட் பெரும்பாலானவை 1920களுக்கும் 1940களுக்கும் இடையில், நியூயோர்க்கின் பாட்டு வெளியீட்டாளர்களும் பிறோட்வே அரங்கும் திரைப்படமும் வேண்டியவாறு சந்தைக்கென ஆக்கப்பட்டவை. பிறந்த காலத்தில் விற்பனைச் சரக்காக இருந்தவையே அரை நூற்றாண்டின் பின் செவ்வியல் என மதிக்கப்பட்டன. எனவே செவ்வியல் என்னும் தகுதியைப் பாடலின் உள்ளார்ந்த குணம் ஒன்றே தீர்மானிப்பதில்லை. அதனை யார், யாருக்காகப் பேணினர் என்பதும் உடன்சேர்ந்தே தீர்மானிக்கின்றது.

தமிழிசையில் இத்தகைய முயற்சிக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு, 2005 இல் வெளிவந்த இளையராஜாவின் ‘திருவாசகம்’ ஆகும். திரைப்பாடலால் அறியப்பட்ட கலைஞர் ஒருவர், மாணிக்கவாசகரின் பாடல்களுள் ஆறு பகுதிகளைத் தெரிந்து, புடாபெஸ்ற் சிம்பொனி இசைக்குழுவின் துணையுடன் தாமே முதன்மைக் குரலாக நின்று பாடினார். தமிழ் மையம் என்னும் அமைப்பு அதனை வெளியிட்டது. அவ்வமைப்பை நிறுவிய கத்தோலிக்க மதகுரு ஜெகத் கஸ்பார், முன்னர் மணிலாவிலிருந்து ஒலித்த வெரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியில் இருந்தவர். 1990 முதற்கொண்டு பொருளாதாரத் தடையின் கீழ் மின்சாரமும் மின்கலமும் அற்றிருந்த வன்னியில், மிதிவண்டித் தைனமோவைச் சுழற்றி அவ்வானொலியைக் கேட்டவர் பலர். ஆதலின் இவ்விசைத்தட்டு வன்னிக்கு முற்றிலும் அயலான ஒன்றாக வந்து சேரவில்லை.

இதுபற்றி எழுந்த கருத்துகளை இரு பிரிவாகக் கொள்ளலாம். தமிழ் உலகமேடை ஏறிவிட்டது என மகிழ்ந்தோர் ஒருசாரார். நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தினரும் புலம்பெயர்ந்தோருட் பலரும் இவ்வாறு எண்ணினர். மேனாட்டு வாத்தியக் குழு தமிழ்ப் பாடலுக்கு வழங்கும் நற்சான்றிதழ் போன்றே அவர்களுக்கு இது தோன்றிற்று. ஓதுவார் மரபு சிதைந்தது என வருந்தியோர் மற்றொரு சாரார். திருவாசகத்தை மோகன இராகத்திலே பாடுவது வழக்கம். இளையராஜா அவ்வழக்கிற்குக் கட்டுப்படவில்லை. இவ்விரு சாராரும் ஓர் எடுகோளில் ஒன்றுபடுகின்றனர் என்பதே நாம் இங்கு கவனிக்க வேண்டியது. பாடல் ஓர் உடைமை என்றும், அதன் மதிப்பைக் கூட்டவோ குறைக்கவோ வல்லவர் அதனைக் காக்கும் சிலரே என்றும் இருவருமே கருதுகின்றனர். பாடலைத் தம் வாழ்க்கையிற் பயன்படுத்தும் மக்கள் இவ்விரு கணக்கிலும் இடம்பெறவில்லை.

அம்மக்களின் பக்கத்திலிருந்து நோக்குவதற்கு, இசைத்தட்டில் இடம்பெற்ற ‘முத்துநற்றாமம்’ என்னும் பாடல் வாய்ப்பளிக்கின்றது. இது திருப்பொற்சுண்ணத்தின் முதற்பாடல். திருப்பொற்சுண்ணம் இருபது பாடல்களாலானது. இறைவனின் திருமுழுக்கிற்கு நறுமணப் பொடி இடிப்பதற்கு மகளிர் ஒருவரையொருவர் அழைப்பதாக அது அமைந்துள்ளது. இதன் வடிவம் உலக்கைப் பாட்டு. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் வள்ளைப்பாட்டாக நாம் காண்பதும் இவ்வடிவமே. உழைப்பின் சீரான அசைவிலிருந்து கவிதையின் சந்தம் பிறந்தது என்பது ஜோர்ஜ் தொம்சனின் கொள்கை. அவரிடம் பேர்மிங்காமில் ஆய்வு செய்த பேராசிரியர் க. கைலாசபதி அந்நோக்கைத் தமிழாய்வுக்குக் கொணர்ந்தார். பெண்கள் கூடி இடித்த வேலையிற் பிறந்த பாடலைப் பக்தி இயக்கம் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது. வேலை செய்வோரின் ‘நாம்’ என்னும் பன்மை அடியார் கூட்டத்தின் ‘நாம்’ ஆயிற்று. எனினும் உலக்கையின் தாளம் பாடலை விட்டு அகலவில்லை.

ஈழத்துச் சைவரிடையே இப்பாடலுக்கு மேலும் ஒரு வாழ்வு உண்டு. செத்தவீட்டிற் சுண்ணம் இடிக்கும்போது பாடப்படுவது திருப்பொற்சுண்ணமே. கிரியை செய்பவர் பாட, உறவினர் உரலைச் சூழ்ந்து நின்று உலக்கை பிடிப்பர். இடித்த சுண்ணம் உயிர்நீத்தாரின் உடலிற் சாத்தப்படும். வன்னியிலே பிறந்து வளர்ந்த எவரும் இப்பாடலை முதன்முதலிற் கேட்டது பெரும்பாலும் இத்தகைய ஒரு முற்றத்திலாகவே இருக்கும். அங்கே பாடலுக்கு வாத்தியம் உரலும் உலக்கையுமே. கேட்பவர் என ஒரு தனிப்பிரிவு அங்கு இல்லை. நிற்போர் யாவரும் ஏதோ ஒருவகையில் அதிற் பங்கு கொள்கின்றனர். பக்தி உழைப்பிடமிருந்து பெற்றுக்கொண்ட பாடல், சாவுவீட்டில் மீண்டும் ஒரு வேலைப்பாட்டாகிவிடுகின்றது.

இப்பின்னணியில் இளையராஜாவின் ஆக்கத்தை அணுகும்போது அதன் வலுவும் குறைபாடும் தெளிவாகின்றன. 1943 இல் பண்ணைப்புரத்தில் ஒடுக்கப்பட்ட சமூகத்திற் பிறந்த அவர், தம் தமையன் பாவலர் வரதராசனின் குழுவோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளிற் பாடியும் வாசித்தும் இசை பயின்றவர். 1976 இல் ‘அன்னக்கிளி’ மூலம் திரையுலகில் நுழையும் முன்னரே அவரது குரல் வயல்வெளிக் கூட்டங்களிற் பதம்பெற்றிருந்தது. மெருகு குறைந்த அக்குரலே திருவாசகத்தைப் பாட முன்வந்தமை சிறிய செய்தியன்று. நம் நாட்டில் திருமுறை ஒலித்த கோயில்களுட் பல, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நெடுங்காலம் மூடியே இருந்தன. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை எமது வாசகர் அறிவர். அவ்வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் குரலையொத்த ஒரு குரல், எவரிடமும் அனுமதி கோராது இப்பாடல்களை எடுத்துக்கொண்டதே இவ்விசைத்தட்டின் உண்மையான சாதனை எனலாம். ‘முத்துநற்றாமம்’ பாடலிற் குழுக்குரல்களும் துள்ளும் நடையும் முன்னிற்கும்போது, பாட்டின் அடியிலுள்ள கூட்டு உழைப்பை வாத்தியக் குழு மறைக்கவில்லை.

ஆனால் ‘பொல்லா வினையேன்’ என்னும் நீண்ட பகுதியில் நிலைமை வேறு. சிவபுராண அடிகளினிடையே அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்ரீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கிலப் பகுதிகள் புகுத்தப்பட்டுள்ளன. மேனாட்டுச் சேர்ந்திசையும் தமிழ்க் குரலும் மாறிமாறி வருகின்றன. இசைநுட்பத்தால் இப்பகுதி மதிக்கத்தக்கதே. ஆயினும் இங்கு பாடல் தன்னைத் தன் மக்களுக்குச் சொல்லாது, வேறொரு சபைக்கு விளக்கம் கூறுகின்றது. தமிழ்க்குரல் எழுப்பும் வேதனைக்கு ஆங்கிலக் குரல் பொருளுரைக்கும்போது, வேதனை எல்லா மதத்தாருக்கும் பொதுவான ஓர் ஆறுதலாகக் கரைந்துபோகின்றது. நற்சான்றிதழ் தேடும் மனப்பாங்கு கலையினுள்ளே நுழையும் இடம் இதுவே. இதனை ஒரு தனிமனிதரின் குறையாக நாம் கொள்ளவில்லை. றோயல் பில்ஹார்மொனிக் குழுவுடன் 1993 இல் அவர் பதிவுசெய்த சிம்பொனி வெளியிடப்படவேயில்லை. 2025 மார்ச் 8 ஆம் திகதிதான் அவரது ‘வேலியண்ட்’ சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது. கிராமத்து ஒடுக்கப்பட்ட கலைஞர் ஒருவர் தம் தகுதியை மேனாட்டு அரங்கில் மெய்ப்பிக்குமாறு நிர்ப்பந்திக்கப்படுவது, நம் சமூகத்தின் சாதி அமைப்பும் குடியேற்றவாதம் விட்டுச்சென்ற மதிப்பீடுகளும் கூடி விளைத்த நிலைமையாகும்.

பொதுவுடைமை மேடையில் வளர்ந்த கலைஞர் பக்தி இலக்கியத்தைச் சென்றடைந்தது பின்னடைவு அல்லவா என நம் தோழர் சிலர் வினவக்கூடும். கைலாசபதி 1966 இல் வெளியிட்ட ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ என்ற நூலில், பக்தி இயக்கத்தை அதன் வர்க்க அடித்தளத்தில் வைத்து ஆராய்ந்தார். அவ்வாய்வு பக்தி இலக்கியத்தைக் கைவிடுமாறு எம்மைக் கேட்கவில்லை. அதில் ஒலிக்கும் முரண்பட்ட குரல்களைப் பிரித்தறியுமாறே பணித்தது. திருப்பொற்சுண்ணத்தில் நிலவுடைமைக் காலத்துப் பணிவும் உள்ளது. உழைக்கும் பெண்களின் கூட்டுக்குரலும் உள்ளது. எக்குரல் மேலோங்குகின்றது என்பதே ஒவ்வொரு புதிய ஆக்கத்தையும் மதிப்பிடும் அளவுகோலாதல் வேண்டும்.

இவ்வினா எமக்கு வெறும் ஏட்டளவினதன்று. இசைத்தட்டு வெளிவந்த காலத்தில், 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் திறக்கப்பட்ட ஏ-9 வீதி வழியே பொருள்களும் மனிதரும் வன்னிக்கு வந்துகொண்டிருந்தனர். நான்கு ஆண்டுகளுள் யாவும் மாறின. 2009 இன் முதல் ஐந்து மாதங்களில், கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்த மக்கள் தம் இறந்தோரைப் பதுங்குகுழியிலும் மணலிலும் புதைத்துவிட்டு நகர நேர்ந்தது. அவர்களுக்கு உரலும் இல்லை, உலக்கையும் இல்லை. முற்றம் எங்கே இருந்தது? ‘முத்துநற்றாமம்’ அவர்களுக்காகப் பாடப்படவில்லை. அதனால், அப்பாடலை இசைத்தட்டிற் கேட்கும் வன்னியார் ஒருவருக்கு, அதன் களிப்பின் பின்னே பாடப்படாது போன பாடல்களின் நினைவும் எழுகின்றது. எந்த வாத்தியக் குழுவும் திட்டமிட்டு இப்பொருளை அமைத்திருக்க முடியாது. கேட்போரின் வரலாறு அதனைப் பாடலுக்கு வழங்கியுள்ளது.

இன்று வன்னியின் செத்தவீடுகளிலும் பதிவுசெய்த பாடல்கள் ஒலிபெருக்கியில் ஒலிப்பதைக் காண்கிறோம். அருவி வெட்டும் இயந்திரத்தின் கைக்குப் போனபின், அருவிவெட்டுப் பாடல்களையும் சூடுமிதிப்புப் பாடல்களையும் பாட அறிந்தோர் முதியோராகிவிட்டனர். இறந்த வடிவத்தை மீட்டெடுத்துக் காட்சிப்பொருளாக்குவது எமது நோக்கமன்று. எனினும் சுண்ணப்பாட்டு ஊருக்கு ஊர் எவ்வாறு பாடப்படுகின்றது, யார் பாட யார் இடிக்கின்றனர், அதில் சாதியும் பால்நிலையும் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பன மெட்டோடும் தாளத்தோடும் பதிவுசெய்யப்படல் வேண்டும். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட மாணவர் இப்பணிக்கு முன்வருவராயின், இளையராஜாவின் ஆக்கத்தைப் புடாபெஸ்ற் இசைக்குழுவின் பெயரால் அன்றி, எமது முற்றத்து உலக்கையின் துணைகொண்டு மதிப்பிட இயலும். அவ்வாய்வு இனித்தான் தொடங்கப்பட வேண்டியுள்ளது.