வழக்கு முடிந்த பின் ஒரு பால்கனி

‘பாஸ்டன் லீகல்’ தொடரை ரசித்தவர்கள் முதலில் சொல்வது நீதிமன்ற வாதங்களைத்தான். அவை அருமைதான். ஆலன் ஷோராக எழுந்து நிற்கும் ஜேம்ஸ் ஸ்பேடர் குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு சொல்லையும் பதம் பார்த்து எடுத்துவைப்பார். ஆனால் என் மனம் காத்திருப்பது, பெரும்பாலான அத்தியாயங்களை முடித்துவைக்கும் அந்தப் பால்கனிக்காக. இரவு, நகரத்து விளக்குகள், இரண்டு நாற்காலிகள், கையில் ஸ்காட்ச், சுருட்டுப் புகை. பக்கத்தில் டென்னி கிரேனாக வில்லியம் ஷாட்னர்.

அன்றைய வழக்கில் வென்றாலும் தோற்றாலும் அங்கே பேச்சு மெல்ல வேறெங்கோ திரும்பிவிடும். தன் பெயரையே முழக்கமாகச் சொல்லித் திரியும் டென்னிக்கு நினைவு மங்கி வருகிறது. அல்சைமர் என்று ஒப்புக்கொள்ள மனமில்லை, ‘மேட் கவ்’ நோய் என்பார். அதைச் சொல்லும் ஷாட்னரின் உதட்டில் குறும்பு இருக்கும், கண்ணில் மட்டும் ஒரு கணம் பயம் வந்து போகும். ஸ்பேடர் அதைக் கவனித்துவிடுவார். ஆனாலும் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லமாட்டார். சுருட்டை ஒருமுறை இழுத்து, புகை கலையும்வரை பொறுத்து, அப்புறம்தான் வாய் திறப்பார். அந்த இடைவெளியை நடிக்கத் தனித் தேர்ச்சி வேண்டும். அரசியலில் இருவரும் எதிரெதிர்த் துருவம். டென்னி பழமைவாதி, ஆலன் தாராளவாதி. இருந்தும் ஒருவர்மேல் ஒருவருக்குள்ள அன்பைக் கூச்சமில்லாமல் வாய்விட்டே சொல்லிக்கொள்வார்கள். நடுவயது கடந்த ஆண்களின் நட்பை இத்தனை வெளிப்படையாக எழுதிய வேறொரு வழக்கறிஞர் தொடரை நான் பார்த்ததில்லை.